கொல்லன் மகன் ரொட்டி சுட்டபோது



தமிழகத்துக்கு வந்து தமிழ் கற்ற இரண்டு ஜெர்மானியர்களை முதலில் நினைத்துக்கொள்கிறேன். ஒருவர் யோஹான் பிலிப் ஃபாப்ரீசியஸ். 1711இல் ஹெஸ்ஸன் பகுதியில் கிளேபெர்க் என்ற சிற்றூரில் பிறந்தவர். 1740இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். இரண்டு ஆண்டுகளில் சென்னைக்கு வந்தவர், 1791இல் கண் மூடும்வரை இந்த ஊரைத் தன் ஊராகவே வைத்துக்கொண்டார். 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது பிரெஞ்சுக்காரர்களின் அச்சுப்பொறி ஒன்றையும் எடுத்துவந்தார்கள். அது வேப்பேரியில் ஃபாப்ரீசியஸின் பொறுப்பில் வந்து சேர்ந்தது. 1779இல் அவருடைய தமிழ்-ஆங்கில அகராதி அங்கேதான் அச்சேறியது. தமிழ்க் கிறிஸ்தவர்கள் பல தலைமுறைகளாக வாசித்த விவிலிய மொழிபெயர்ப்பும் அவர் உழைப்பு.

இன்னொருவர் பெர்ன்ஹார்டு ஷ்மிட். 1820இல் ரேனியஸ் என்ற பாதிரியாரோடு பாளையங்கோட்டையில் பணியாற்ற வந்தவர். பிற்காலத்தில் நீலகிரி மலையில் செடிகொடிகளைத் தேடித் தேடிச் சேகரித்தவர்.

ஃபாப்ரீசியஸ், ஷ்மிட். கேட்பதற்கு இரண்டு பெயருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் பொருள் ஒன்றுதான். கொல்லன். ஒன்று லத்தீனில் சொல்கிறது, மற்றது ஜெர்மனில் சொல்கிறது. இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அந்த ஷ்மிட் என்ற பெயரைப் பற்றித்தான். ஜெர்மனியில் முல்லருக்கு அடுத்தபடியாக மிகுதியாக வழங்கும் குடும்பப் பெயர் அது. முல்லர் என்றால் மாவு அரைக்கும் ஆலைக்காரர். ஆலைக்காரரும் கொல்லரும் சேர்ந்து ஒரு தேசத்தின் பெயர்ப் பட்டியலில் முதல் இரண்டு இடங்களையும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சொல்லின் வேரிலிருந்து தொடங்குவோம். ஜெர்மானிய மொழிக் குடும்பம் முழுவதிலும் இந்தச் சொல் உண்டு. ஆங்கிலத்தில் ஸ்மித், டச்சில் ஸ்மிட், பழைய நார்வே மொழியில் ஸ்மித்ர். ஆதியில் இது இரும்படிப்பவரை மட்டும் குறித்த சொல் அல்ல. கையால் ஒரு பொருளுக்கு உருக்கொடுக்கும் எவரையும் குறித்தது. பழைய நார்வே மொழியில் மரவேலை செய்பவரும் ஸ்மித்ர்தான். இரும்பு வாழ்க்கையின் நடுவே வந்து உட்கார்ந்த பிறகு சொல்லும் உலைக்களத்துக்குள் போய் அங்கேயே தங்கிவிட்டது. அதன் பழைய அகலம் இன்றைய ஜெர்மனில் இரண்டு சொற்களில் மிச்சமிருக்கிறது. நகைகளைக் குறிக்கும் கெஷ்மைடெ ஒன்று, வளைந்துகொடுக்கும் தன்மையைச் சொல்லும் கெஷ்மைடிக் இன்னொன்று. காய்ச்சிய இரும்பு சம்மட்டிக்குக் கீழே எப்படி இணங்குமோ அந்த இணக்கம்தான் அந்தச் சொல்லின் பொருள்.

அந்தச் சமூகங்கள் கொல்லரை எப்படிப் பார்த்தன என்று அறிய ஒரு கதை போதும். வீலண்ட் என்ற கொல்லனின் கதை. அவனைப் போல வாளும் அணிகலனும் செய்ய வேறு ஆள் கிடையாது. அந்தத் திறமைக்கு ஆசைப்பட்ட ஓர் அரசன் அவனைச் சிறைபிடிக்கிறான். ஓடிப்போகக் கூடாது என்பதற்காக அவன் கால் நரம்புகளை அறுத்து, ஒரு தீவில் உலை வைத்துக் கொடுத்து வேலை வாங்குகிறான். வீலண்ட் காத்திருந்து பழிதீர்க்கிறான். அரசனின் பிள்ளைகளைக் கொன்று, அவர்களின் மண்டை ஓடுகளில் கிண்ணம் செய்து அரசனுக்கே அனுப்புகிறான். பிறகு வானத்தில் பறந்து போய்விடுகிறான். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் வடபகுதியில் திமிங்கில எலும்பில் செதுக்கிய பெட்டி ஒன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் முகப்பில் வீலண்ட் உலைமுன் நிற்கிறான், கையில் குறடு, காலடியில் தலையற்ற உடல். அதே முகப்பின் மறுபாதியில் குழந்தை இயேசுவை வணங்க வந்த ஞானிகள். இரண்டு காட்சிகளையும் அருகருகே செதுக்கிய அந்தக் கைவினைஞரை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. கொல்லன் இல்லாமல் அரசனுக்கு நடக்காது, கொல்லனைக் கண்டால் அரசனுக்குப் பயம். இந்த இரண்டையும் அந்தக் கதை சொல்லிவிடுகிறது.

ஆனால் ஷ்மிட் என்பது குடும்பப் பெயரானது வீலண்டால் அல்ல. ஊர்க் கணக்கு எழுதியவர்களால்.

கி.பி. 1000 வாக்கில் ஜெர்மன் பேசும் நாடுகளில் ஆளுக்கு ஒரு பெயர்தான். ஊர் சிறியது, அதனால் ஒரு பெயர் போதுமானதாக இருந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டு முதல் நகரங்கள் பெருத்தன. கொலோன், மைன்ஸ், பாசெல், சூரிக் என்று மேற்கிலும் தெற்கிலும் முதலில் இந்த நெருக்கடி வந்தது. ஆட்கள் பெருகினார்கள், பெயர்களோ குறைந்துகொண்டே வந்தன. எங்கு பார்த்தாலும் ஹைன்ரிஹ், எங்கு பார்த்தாலும் கோன்ராட், யோஹான்னஸ். இன்றும் ஜெர்மனில் 'கண்டவர் நின்றவர் எல்லாரும்' என்று சொல்ல 'ஹின்ட்ஸும் குன்ட்ஸும்' என்பார்கள். ஹைன்ரிஹ், கோன்ராட் என்ற இரண்டு பெயர்களின் செல்லச் சுருக்கம்தான் அது. வீட்டுக்கு வரி எழுத வேண்டும், நிலத்துக்குப் பத்திரம் எழுத வேண்டும், செத்தவரின் சொத்து யாருக்கு என்று தீர்க்க வேண்டும். எந்த ஹைன்ரிஹ் என்று கேட்டால் ஒரு பதில் தேவைப்பட்டது. கொல்லுப்பட்டறை ஹைன்ரிஹ். அந்த அடைமொழிதான் விதை.

இங்கே ஒரு நுட்பம். ஒரு பெயர் ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்ட வேண்டும். ஊரில் நாற்பது பேர் உழவர்கள் என்றால் 'உழவன் ஹைன்ரிஹ்' என்பதால் ஒரு பயனும் இல்லை. ஊருக்கு ஒரே ஒரு கொல்லர்தான் இருப்பார். ஏருக்குக் கொழு, குதிரைக்கு லாடம், வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை, கதவுக்குக் கீல் எல்லாம் அவரிடம்தான். அதனால் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. மக்களில் மிகப் பெரும்பாலோர் உழவராக இருந்த நாட்டில் உழவர் என்று பொருள்படும் பௌவர் பின்தங்கி, ஷ்மிட் முன்னுக்கு வந்ததன் காரணம் இதுதான். ஒரு தொழிலைச் சிலர் மட்டும் செய்தார்கள் என்பதாலேயே அந்தத் தொழிலின் பெயர் பலருக்கும் பரவிவிட்டது.

நகரத்தில் கதை வேறு. அங்கே கொல்லர் தெருவே இருந்தது. வெறும் ஷ்மிட் என்றால் யாரைச் சொல்வது? ஆகவே வேலையைப் பிரித்துச் சொன்னார்கள். கத்தி செய்பவர் மெஸ்ஸெர்ஷ்மிட், பொன் வேலை செய்பவர் கோல்ட்ஷ்மிட், பூட்டும் நுண்கருவியும் செய்பவர் கிளைன்ஷ்மிட். ஆற்றுநீரின் விசையால் பெரிய சம்மட்டியை இயக்கி இரும்படித்தவர் ஹம்மெர்ஷ்மிட். உலையில் காய்ச்சாமலே செம்பையும் பித்தளையையும் தட்டிப் பாத்திரம் செய்தவர் கால்ட்ஷ்மிட், அதாவது குளிர்க்கொல்லர். இன்னும் சிலரை ஊர் நேராகக் கொல்லர் என்று சொல்லாமல் சுற்றி வளைத்துக் கூப்பிட்டது. ஹூஃப்நாகெல் என்றால் லாட ஆணி. கிளிங்ஹம்மெர் என்றால் சம்மட்டி ஒலிக்கிறது. வட ஜெர்மனியில் பிங்கெபாங்க் என்றே ஒரு குடும்பப் பெயர் இருக்கிறது. பட்டடையில் சம்மட்டி விழும் ஓசை அது, வேறொன்றும் இல்லை. பல நூற்றாண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு பட்டறையிலிருந்து எழுந்த ஓசை இன்றும் யாரோ ஒருவரின் கடவுச்சீட்டில் எழுத்தாக இருக்கிறது. ஜெர்மன் பெயர்களிலேயே எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

அடைமொழி எப்போது குடும்பப் பெயராகிறது? இதைக் கண்டுபிடிப்பது எளிதில்லை. பழைய பத்திரங்கள் பெரும்பாலும் லத்தீனில் இருக்கும். 'ஹைன்ரிகுஸ் ஃபாபெர்' என்று எழுதியிருப்பார்கள், அதாவது கொல்லன் ஹைன்ரிஹ். அவர் உண்மையிலேயே இரும்படித்தாரா, அல்லது அவர் பெயர் அப்படியா? எழுதியவர் எதையோ மொழிபெயர்த்துவிட்டுப் போய்விட்டார். ஆனால் ஒரு வரி வந்துவிட்டால் சந்தேகமே இல்லை. 'ஹைன்ரிஹ் ஷ்மிட், ரொட்டி சுடுபவர்' என்ற வகை வரி. தாத்தா இரும்படித்தார், பேரன் அடுப்பில் ரொட்டி போடுகிறான், பெயர் மட்டும் கொல்லன் என்றே நிற்கிறது. பெயர் தொழிலை விட்டுப் பிரிந்து தனியே நடக்கத் தொடங்கிய கணம் அது. குடும்பப் பெயர்களின் வரலாற்றை ஆராய்பவர்கள் ஏடுகளில் தேடுவது இந்தப் பொருந்தாமையைத்தான்.

இந்தப் பழக்கம் எல்லா இடத்துக்கும் ஒரே வேகத்தில் போகவில்லை. வடக்கே ஃப்ரீஸ்லாந்து பகுதிகளில் மகன் தந்தையின் பெயரைப் பின்னொட்டாகச் சேர்த்துக்கொள்ளும் வழக்கமே நீடித்தது. ஒவ்வொரு தலைமுறைக்கும் பெயர் மாறியது. 1811இல் நெப்போலியனின் ஆணை வந்துதான் அங்கே பலரும் நிலையான குடும்பப் பெயரைப் பதிவுசெய்தார்கள்.

இனி எழுத்து. ஷ்மிட் என்ற பெயரை ஜெர்மானியர் எழுதும் விதங்களுக்குக் கணக்கில்லை. தமிழில் நமக்கு ஒரே 'ட' தான். அவர்களுக்கு மெலிந்து ஒலிக்கும் ட வேறு எழுத்து, வலிந்து ஒலிக்கும் ட வேறு எழுத்து. சொல்லின் கடைசியில் வரும்போது இரண்டுமே வலிந்துதான் ஒலிக்கும். சொல்லின் வேரைப் பார்த்தால் மெல்லெழுத்து, காதால் கேட்டால் வல்லெழுத்து. என்ன செய்வது? இரண்டையும் அடுத்தடுத்து எழுதிவைத்தார்கள். அதுதான் இன்று மிகுதியாக வழங்கும் வடிவம். பவேரியாவிலும் ஷ்வாபியாவிலும் சுவிட்சர்லாந்திலும் மெல்லெழுத்து மட்டும் போதும் என்றார்கள். ஃப்ராங்கன், பாலட்டினேட் பகுதிகளில் வல்லெழுத்தை இரட்டித்தார்கள். கொலோன் நகரைச் சுற்றிய ரைன் கரையில் கடைசியில் ஒரு 'ஸ்' சேர்த்து ஷ்மிட்ஸ் ஆக்கினார்கள். 'கொல்லருடைய' என்று அதற்குப் பொருள், கொல்லர் வீட்டுப் பிள்ளை. வடக்கே தாழ் ஜெர்மன் பேசியவர்கள் 'ஷ்' என்றே சொல்வதில்லை, ஆகவே ஸ்மிட். கொல்லர் என்ற பொதுச்சொல் இன்றைய ஜெர்மனில் ஷ்மீட் என்று நீண்டு ஒலிக்கிறது. பெயர் மட்டும் ஐந்நூறு ஆண்டுக்கு முந்தைய குறுகிய உயிரையே வைத்துக்கொண்டிருக்கிறது. மொழி முன்னே போய்விட்டது, பெயர் அப்போது நின்ற இடத்திலேயே நிற்கிறது.

இந்த வேறுபாடுகளை வரைபடமாகவே பார்க்கலாம். ஃப்ரைபுர்க் பல்கலைக்கழகத்தின் கோன்ராட் குன்ஸெயும் மைன்ஸ் பல்கலைக்கழகத்தின் டமாரிஸ் நுப்லிங்கும் தலைமையேற்று 'ஜெர்மன் குடும்பப் பெயர் நிலப்படத் தொகுதி' என்ற பெரும் பணியைச் செய்தார்கள். முதல் தொகுதி 2009இல் வந்தது. 2005ஆம் ஆண்டின் தொலைபேசிச் சந்தாதாரர் பட்டியலை எடுத்து, எந்தப் பெயர் எந்த வட்டாரத்தில் எவ்வளவு என்று வரைந்தார்கள். இரண்டு உலகப் போர்கள், கோடிக்கணக்கான மக்களின் இடப்பெயர்ச்சி, நாட்டுப் பிரிவினை எல்லாம் நடந்து முடிந்த பிறகும் ஷ்மிட்ஸ் ரைன் கரையில்தான் அடர்ந்திருக்கிறது, தெற்கின் ஷ்மிட் தெற்கிலேயே இருக்கிறது. இடைக்கால வட்டார வழக்குகள் ஒரு தொலைபேசிப் பட்டியலுக்குள் கலையாமல் கிடந்தன. அறிவாராய்ச்சி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

பழைய காலத்தில் ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒரு விதமாகவும் தம்பி வேறு விதமாகவும் பதிவாகியிருப்பார்கள். ஞானஸ்நானப் பதிவேட்டில் பாதிரியார் கேட்டபடி எழுதினார். அடுத்த பாதிரியார் வேறு மாதிரி கேட்டார். 1874இல் பிரஷ்யாவிலும், 1876 ஜனவரி 1 முதல் ஜெர்மன் பேரரசு முழுவதிலும் அரசுப் பதிவு அலுவலகங்கள் வந்தன. அன்றைக்கு எழுத்தர் என்ன எழுதினாரோ அதுவே நிலைத்துவிட்டது.

பெண்களின் நிலையையும் சொல்ல வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டு வரைக்கும், சில இடங்களில் அதற்குப் பிறகும், ஷ்மிட்டின் மனைவியும் மகளும் பதிவேட்டில் ஷ்மிட்டின் என்று பெண்பால் விகுதியோடு வருவார்கள். பிறகு விகுதி போயிற்று, ஆனால் கணவன் பெயர்தான் மனைவிக்கு என்ற விதி போகவில்லை. தம்பதிக்குள் உடன்பாடு இல்லாவிட்டால் கணவன் பெயரே குடும்பப் பெயர் என்ற சட்டப் பிரிவை 1991 மார்ச்சில்தான் கூட்டாட்சி அரசியல் சட்ட நீதிமன்றம் சமத்துவத்துக்கு எதிரானது என்று நீக்கியது. ஏறத்தாழ எண்ணூறு ஆண்டு வழக்கத்தில் கொல்லர் வீட்டுப் பெண்ணின் பெயருக்கு நியாயம் கிடைத்தது அவ்வளவு தாமதமாக.

ஃபாப்ரீசியஸுக்கு வருகிறேன். பதினாறாம் நூற்றாண்டில் ஜெர்மன் நாடுகளில் பல்கலைக்கழகம் போனவர்களுக்கு லத்தீன்தான் எல்லாம். பேச்சும் எழுத்தும் லத்தீனில் நடக்கும்போது பெயர் மட்டும் ஏன் கிராமத்து ஜெர்மனில் இருக்க வேண்டும் என்று எண்ணினார்கள். சுரங்கங்களையும் உலோகங்களையும் பற்றி 1556இல் வெளிவந்த மாபெரும் நூலை எழுதியவர் கியோர்க் பௌவர். உலகம் அறிந்த பெயர் அக்ரிகோலா, லத்தீனில் உழவர். நிலப்படம் வரைந்த மெர்காதோர் பிறப்பில் கிரேமர், வணிகர். கோத்தேயின் தாய்வழிக் குடும்பமான டெக்ஸ்டோர், முன்னொரு காலத்தில் வேபெர், நெசவாளர். இந்த வரிசையில் ஷ்மிட் போட்டுக்கொண்ட உடைதான் ஃபாபெர், ஃபாப்ரீசியஸ். பாதிரிமார் குடும்பங்களில் அது தலைமுறை தலைமுறையாக நிலைத்தது. 1596இல் மீரா என்ற விண்மீனின் ஒளி மாறுவதைக் கண்ட டாவிட் ஃபாப்ரீசியஸ் ஒரு கிராமத்துப் பாதிரியார். அவர் மகன் யோஹான்னஸ் 1611இல் சூரியப் புள்ளிகளைப் பற்றிச் சிறு நூல் வெளியிட்டார். நம் வேப்பேரி அகராதிக்காரரும் அந்த லத்தீன் உடைப் பெயரோடுதான் கப்பலேறினார். புரசைவாக்கத்தில் அவர் பெயரில் பள்ளி இருக்கிறது. அதன் வாசலைக் கடக்கும் பிள்ளைகள் தினமும் லத்தீனில் 'கொல்லர்' என்று வாசித்துக்கொண்டு போகிறார்கள்.

கடல் கடந்த ஷ்மிட்களும் பெயரை மாற்றினார்கள், ஆனால் வேறு காரணத்துக்காக. அமெரிக்கா போனவர்களில் பலர் ஸ்மித் ஆனார்கள். முதல் உலகப் போரின்போது ஜெர்மன் பெயரே சந்தேகத்துக்குரியதாகிவிட்டதால் மேலும் பலர் அப்படிச் செய்தார்கள். கிழக்கே போனவர்கள் அப்படியே வைத்துக்கொண்டார்கள். 1934இல் ஆர்க்டிக் பனியில் நசுங்கி மூழ்கிய செல்யூஸ்கின் கப்பலின் பயணத் தலைவர் ஓட்டோ ஷ்மிட் சோவியத் விஞ்ஞானி. எஸ்டோனியக் கரையோரம் நைஸ்ஸார் தீவில் 1879இல் பிறந்த இன்னொரு பெர்ன்ஹார்டு ஷ்மிட், சிறுவனாக இருந்தபோது வெடிமருந்தோடு விளையாடி வலக்கையை இழந்தவர். மிஞ்சிய ஒரு கையால் கண்ணாடி தேய்த்து, 1930இல் ஹாம்புர்க் வானாய்வகத்தில் அகன்ற வானத்தைத் தெளிவாகப் படமெடுக்கும் தொலைநோக்கியைச் செய்தார். உலகின் வானாய்வகங்களில் அந்த வகைக் கருவிக்கு இன்றும் ஷ்மிட் என்றே பெயர். கையால் உருக்கொடுப்பவர் என்ற பழைய பொருள் இவரிடம் வந்து சேர்ந்தது தற்செயல்தான். ஆனாலும் என்னால் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இவர்கள் எல்லாரும் உறவினர்களா என்று கேட்டால், இல்லை. ஒவ்வொரு ஊர்ப் பட்டறையிலும் இந்தப் பெயர் தனித்தனியே பிறந்தது. ஒரே ஊருக்குள்ளும் பெயர் எப்போதும் இரத்தத்தைத் தொடர்ந்து போனதில்லை. வெஸ்ட்ஃபாலியாவில் பண்ணைக்குத்தான் பெயர். பண்ணை வீட்டுப் பெண்ணை மணந்து உள்ளே வந்த ஷ்மிட், பண்ணையின் பெயரை ஏற்றுக்கொள்வார். அவர் பிள்ளைகளுக்கும் அதுவே. தத்துப்பிள்ளைக்கு வளர்த்தவர் பெயர். தந்தை யார் என்று எழுதப்படாத பிள்ளைக்குத் தாயின் பெயர். குடும்பப் பெயர் என்பது யார் யாரோடு வாழ்ந்தார்கள், எந்த எழுத்தர் எதை எழுதினார் என்பதற்கான சாட்சி. இரத்தத்துக்கு அதைச் சாட்சியாக்க முடியாது.

அப்படி ஆக்க முயன்ற அரசு ஒன்று வந்தது. 1933 ஏப்ரலில் நாஜி அரசு கொண்டுவந்த சட்டத்தின்படி அரசு ஊழியர் ஒவ்வொருவரும் தாம் ஆரியர் என்று நிரூபிக்க வேண்டும். தாத்தா பாட்டிகளில் ஒருவர் யூதரானாலும் வேலை போய்விடும். பாதிரிமார் பிறப்பும் இறப்பும் எழுதிவைத்த பதிவேடுகள் இப்போது மனிதர்களைப் பிரித்தெடுக்கும் சல்லடை ஆயின. ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டுத் தேவாலய அலுவலகங்களுக்கு ஜெர்மனி முழுவதிலுமிருந்து கடிதங்கள் குவிந்தன. மூதாதையர் பெயர்களை வரிசையாக எழுதி முத்திரை வாங்கும் சிறு புத்தகத்தை மக்கள் கையில் வைத்துக்கொண்டு அலைந்தார்கள். பெயராராய்ச்சி என்னும் சாதுவான கல்வி அந்த ஆண்டுகளில் எதற்குப் பயன்பட்டது என்பதை, இந்தத் துறையைப் பற்றிப் பேசும் எவரும் மறைக்கக் கூடாது என்று நான் நினைக்கிறேன்.

ஹாம்புர்க்கில் அப்போது குஸ்டாஃப் ஷ்மிட் என்றொரு பள்ளி ஆசிரியர் இருந்தார். அதைவிட ஜெர்மானியமான பெயரை யாராலும் கற்பனை செய்ய முடியாது. ஆனால் அவரைப் பெற்ற தந்தை லூட்விக் கும்பெல் என்ற யூத வங்கியாளர். மணவாழ்வுக்கு வெளியே பிறந்த அந்தக் குழந்தையைத் துறைமுகத்தில் கூலிவேலை செய்த ஷ்மிட் என்பவரும் அவர் மனைவியும் தத்தெடுத்து வளர்த்தார்கள். பெயர் அங்கிருந்து வந்தது. ஆவணத்தில் தந்தை பெயர் தெரியாது என்று வரும்படி செய்து, குஸ்டாஃப் தம் குடும்பத்தைக் காப்பாற்றினார். வாழ்நாளெல்லாம் அந்த அச்சத்தோடு இருந்தார். மகனுக்குத் தாய்தான் ஒருநாள் உண்மையைச் சொன்னாள். அந்த மகன் ஹெல்முட் ஷ்மிட், 1974 முதல் 1982 வரை மேற்கு ஜெர்மனியின் சான்சலர். பாட்டனார் யூதர் என்பதை 1980களில்தான் உலகம் அறிந்தது.

ஹெல்முட் மணந்த பெண் ஹன்னெலோரெ கிளாஸெர். கிளாஸெர் என்றால் கண்ணாடி பதிப்பவர். 1942இல் அந்தத் திருமணத்துக்கும் சான்றிதழ் தேவைப்பட்டது. கொல்லர் பெயரும் கண்ணாடிக்காரர் பெயரும் அலுவலக முத்திரையைக் கடந்து ஒன்று சேர்ந்தன.

2015இல் ஹெல்முட் இறந்தார். ஹாம்புர்க்கின் ஓல்ஸ்டோர்ஃப் இடுகாட்டில் குடும்பக் கல்லறையில், பெற்றோரோடும் மனைவியோடும் கிடக்கிறார். அந்தக் கல்லில் செதுக்கியிருப்பது துறைமுகக் கூலித் தொழிலாளி ஒருவர் தன் இரத்தமல்லாத ஒரு குழந்தைக்குக் கொடுத்த பெயர்.